பூட்டிய கட்டத்தில் அரக்கு

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிறவர்களில் எங்கள் முதலாளி கந்தசாமியைப் போல முன்னேறியவர் யாரும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். மற்ற கடைகளில் இன்னும் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்களாம். எங்கள் கடையில் எல்லாம் ஆன்லைனாம். வெளியூர் வியாபாரி வந்து உட்கார்ந்தால் காபி வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஆன்லைன் என்பது என் வீட்டுப் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குச் சந்தேகம்.

என் பெயர் டயானா. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இந்தக் கடையின் ஆபீஸில் வேலை பார்த்தேன். முதலாளி பெருமையாகச் சொல்லும் அந்த ஆன்லைன், நான் தயாரித்த ஒரே ஒரு ஷீட். ஒரு பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றுகிற பட்டு நூலுக்கு, ஒரு வரிசை. எந்தத் தறிக்காரர், எந்த ஊர், புடவையின் பாடி என்ன நிறம், பார்டர் என்ன நிறம், ஜரிகை தங்கமா வெள்ளியா, எதற்காக என்ற குறிப்பு, கடைசியில் நிலை என்று ஒரு பத்தி. சாயப்பட்டறை அருள்தாஸ் அண்ணன் காலையில் தன் போனில் ஷீட்டைத் திறந்து, நிறத்தைப் பார்த்துச் சாயம் கலக்குவார். சாயம் ஏறிய பாவு பட்டறையிலிருந்தே முள்ளிப்பட்டுக்கோ வேறு ஊருக்கோ தறிக்காரர் வீட்டுக்குப் போய்விடும். கடையில் இருக்கும் பெரிய மனிதர்கள் யாரும் பாவைக் கண்ணால் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் ஷீட் இருக்கிறதே.

நான் தயாரித்த ஷீட்டை முதலாளியின் மகன் ஹேமநாத் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர், அங்கேயே வேலை, மாதம் ஒருமுறை ஆரணிக்கு வந்து எங்களை முன்னேற்றிவிட்டுப் போவார். குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று எல்லோருக்கும் லிங்க்கை அனுப்பினார். பார்க்க மட்டும் அல்ல, கை வைக்கவும். வெறுமனே பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? மேனேஜர் அய்யாக்கண்ணு முதலாளியின் மைத்துனர். அவருக்குக் கட்டை விரலால்தான் போன் பார்க்கத் தெரியும். அவர் ஷீட்டை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் களம்பூர் தறியின் பச்சை முள்ளிப்பட்டுக்கு வந்துவிடும். கேட்டால், "நான் சும்மா தள்ளித்தாம்மா பாத்தேன்" என்பார். அவருடைய அக்கா, முதலாளியின் மனைவி ஜெயம் அம்மாவின் கை வேறு மாதிரி. அவர் தெரிந்தே மாற்றுவார். ஷீட்டின் முதல் வரிசை எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், மங்களமாக. செவ்வாய்க்கிழமை பதியும் வரிசைகளில் சாம்பல் நிறம் கூடாது. கறுப்பு எந்தக் கிழமையும் கூடாது.

அந்தக் கறுப்பில்தான் மாட்டிக்கொண்டார்கள். பெங்களூர் வியாபாரி ஒருவர் கறுப்புப் பாடியும் சிவப்பு பார்டருமாகப் புடவைகள் கேட்டிருந்தார். நானும் அப்படியே பதிந்தேன். புடவைகள் வந்து பிரித்தால் எல்லாம் மயில்கழுத்து நிறம். வியாபாரி கடையில் நின்று கத்திய கத்தலில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். பெருமைக்குக் காட்டுகிற அதே கை. "பொண்ணு டைப் பண்றப்ப எதோ மாத்தி அடிச்சிருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று ஷீட்டே பெயரோடு காட்டும். திறந்து காட்டினேன். ஒவ்வொரு கறுப்பின் மேலும் ஜெயம் அம்மாவின் பெயர்.

ஜெயம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நான் தொட்டேம்மா. மாத்தல" என்றார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

அன்றைக்கே ஹேமநாத்திடம் போனில் சொன்னேன். நிறத்துக்கும் ஜரிகைக்கும் உள்ள பத்திகளைப் பூட்டிவிடலாம், யார் பெயரைக் கொடுக்கிறோமோ அவர்கள் மட்டும்தான் மாற்ற முடியும், மற்றவர்கள் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரமே ஊருக்கு வந்து எல்லோரையும் கடையின் பின்அறையில் உட்காரவைத்து மீட்டிங் போட்டார். யார் கையில் சாவி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது.

"நான் இன்னா வெளியாளா?" என்றார் ஜெயம் அம்மா.

"மேனேஜருக்கே இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு மேனேஜர்?" என்றார் அய்யாக்கண்ணு.

முதலாளிக்கு ஷீட்டைத் திறக்கவே தெரியாது. ஆனால் அவர் பெயர் இல்லாமல் எப்படி? அவர் பெயரும் சேர்ந்தது. ஹேமநாத் பெயர் ஏற்கெனவே இருந்தது. கடைசியில் நான், "சார், என் பேரு?" என்று கேட்டேன்.

"நீங்க டேட்டா என்ட்ரி, டயானா. என்ட்ரி பண்றவங்களும் அப்ரூவ் பண்றவங்களும் ஒண்ணா இருக்கக்கூடாது. அதான் உலகம் முழுக்க வழக்கம்" என்றார் ஹேமநாத்.

வீட்டைப் பூட்டி வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டு, கூட்டிப் பெருக்குகிறவளை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். கெடுத்தவர்கள் அத்தனை பேரும் உள்ளே, சரியாகப் பதிந்த நான் மட்டும் வெளியே. இனி நான் நிறங்களை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், அவர்களில் யாராவது நேரம் கிடைக்கும்போது கட்டத்தில் போடுவார்கள். நிலை என்ற பத்தியை மட்டும் என்னிடம் விட்டார்கள். சாயத்தில், சாயம் முடிந்தது, தறியில், புடவை வந்தது என்று நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பத்தி அது. அதில் வேலை இருந்தது, கௌரவம் இல்லை. அதனால் யாரும் அதைக் கேட்கவில்லை.

மீட்டிங் முடிவில் ஹேமநாத் கடையின் வாட்ஸப் குரூப்பில் ஒரு அறிவிப்பு போட்டார். இனி ஷீட்டில் இருப்பதே இறுதி, வாயால் சொல்வது செல்லாது, மீறிச் செய்கிறவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு. அதைப் பிரிண்ட் எடுத்து அருள்தாஸ் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பட்டறைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரின்ஸ், களம்பூரில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறவர். கல்யாணத்துக்கு மாதா கோயிலில் நாங்கள் வெள்ளைப் பட்டுதான் கட்டுவோம். சாயங்காலம் வரவேற்புக்கு எந்த நிறத்தை வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம், பீடத்தின் முன்னால் நிற்கும்போது வெள்ளை. முள்ளிப்பட்டில் என் அம்மா பாக்கியமேரி இந்தக் கடைக்கேதான் தறி நெய்கிறாள். ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் பச்சையும் நெய்து கொடுத்திருக்கிறாள். தன் கல்யாணத்துக்கு அவள் கட்டியது யாரோ கொடுத்த இரவல் வெள்ளை. என் புடவையைத் தானே நெய்ய வேண்டும் என்று நான் பத்தாவது படிக்கும்போதே சொல்லிவைத்துவிட்டாள். அவள் என்னிடம் பிடிவாதமாகக் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கடையில் பட்டுக்கு நானே பணம் கட்டி, இரண்டு புடவைக்கான பாவு சொன்னேன். ஒன்று எனக்கு, இன்னொன்று தோழியாக நிற்கப்போகிற தங்கைக்கு. பூட்டு போடுவதற்கு முன்பே என் கையால் வரிசையைப் பதிந்துவிட்டேன். பாக்கியமேரி, முள்ளிப்பட்டு, பாடி வெள்ளை, பார்டர் வெள்ளை, ஜரிகை வெள்ளி, குறிப்பு டயானா கல்யாணம்.

பூட்டு போட்ட அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஷீட்டைத் திறந்தேன். பாடி அரக்கு. பார்டர் அரக்கு. ஜரிகை தங்கம். கட்டத்தைத் தொட்டதும் ஒரு பெட்டி வந்து, இது பாதுகாக்கப்பட்ட கட்டம், மாற்ற வேண்டுமானால் உரிமையாளரைக் கேளுங்கள் என்றது. மறுபடி தொட்டேன். மறுபடி அதையே சொன்னது. என் கல்யாணப் புடவை, நான் தயாரித்த ஷீட், நான் பணம் கட்டிய பட்டு. கை வைக்க எனக்கு மட்டும் அனுமதி இல்லை.

ஜெயம் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு மல்லிகைப் பூவோடு கடைக்கு வந்தார். எழுந்துபோய்க் கேட்டேன்.

"அம்மா, என் வரிசைல கலர் மாறியிருக்கு."

"ஆமாம்மா, நான்தான் மாத்துனேன். நல்லவேளை என் கண்ணுல பட்டுது. கல்யாணம்னும் போட்டுட்டு வெள்ளைன்னும் போட்டு வெச்சிருக்கியே, இன்னா பொண்ணு நீ?"

"எங்க வழக்கம் அதுதாம்மா. கோயில்ல வெள்ளைதான் கட்டணும்."

"எனக்குத் தெரியாதா? எத்தனை கிறிஸ்டியன் கல்யாணத்துல சாப்ட்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா மாத்துனீங்க?"

"ஊர்ல வேற கடையா இல்ல? வெள்ளை அங்க எடுத்துக்கோ, வேணான்னு சொல்லல. நம்ம கடையிலேர்ந்து கல்யாணத்துக்குன்னு வெள்ளைப் பாவு போகக்கூடாதும்மா, கடைக்கு ஆவாது. உன் நல்லதுக்கும்தான் சொல்லிகினு இருக்கேன். அரக்குல நீ எப்டி இருப்ப தெரியுமா? மகாலட்சுமி மாதிரி இருப்ப." சொல்லிவிட்டு ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் வைத்தார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பூ வைத்து விடுகிறவரை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அய்யாக்கண்ணுவிடம் போனேன். அவர் போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா போட்டத நான் எப்டிம்மா மாத்தறது? நாளைக்கு அவங்க ஊட்டு வாசப்படி ஏற வேணாமா?"

"நீங்க மாத்தலாம்ணே. உங்களுக்கு சாவி இருக்கு."

"சாவி இருக்குது. அதுக்காகப் பெரியவங்க போட்ட பூட்டத் தொறப்பாங்களா?"

முதலாளி கந்தசாமி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முழுதாக என் கட்சிக்கே வந்துவிட்டார். "வெள்ளைன்னா வெள்ளைதான். உன் கல்யாணம், உன் இஷ்டம். இதுல இன்னா பேஜார்?" என்றார்.

"அப்ப மாத்தச் சொல்லுங்கய்யா."

"அது நீ அவகிட்டயே கேட்டுக்கம்மா" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஹேமநாத்துக்குப் போன் செய்தேன். "டெக்னிக்கலா எனக்கு ஆக்சஸ் இருக்கு டயானா. ஆனா அது அம்மா என்ட்ரி. ரிக்வஸ்ட்னு ஒரு மெயில் போடுங்க, பாக்கறேன்" என்றார். போட்டேன். பெருவிரலை நிமிர்த்திக் காட்டும் ஒரு பொம்மை பதிலாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கட்டத்தைப் பூட்டியது கம்ப்யூட்டரே இல்லை. கம்ப்யூட்டர் நாலு பேருக்குத் திறந்துதான் வைத்திருந்தது. அக்கா எழுதியதைத் தம்பி தொடமாட்டார், மனைவி எழுதியதைக் கணவர் தொடமாட்டார், அம்மா எழுதியதை எம்.பி.ஏ. தொடமாட்டார். நான் எழுதியதை மட்டும் யார் வேண்டுமானாலும் தொடலாம். இத்தனை மரியாதை தெரிந்த குடும்பத்துக்குப் பூட்டு எதற்கு? என்னைப் பூட்டுவதற்குத்தான்.

இரண்டு நாள் கழித்து அருள்தாஸ் அண்ணனிடமிருந்து எனக்கு வழக்கமான செய்தி வந்தது. என் பாவு பட்டறைக்கு வந்துவிட்டது, நிலையை 'சாயத்தில்' என்று மாற்று என்று. மாற்றினேன். மாற்றிவிட்டுக் கடையில் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் இருக்கும் பட்டறைக்குப் பறந்தேன்.

பசை எடுத்த பட்டு கம்பியில் சொட்டிக்கொண்டு தொங்கியது. அப்படியொரு வெள்ளை. பாலைப் போல என்று சொல்லலாம், ஆனால் ஆரணியில் கிடைக்கிற பால் அவ்வளவு வெள்ளையாக இருப்பதில்லை. பக்கத்திலேயே பெரிய தொட்டியில் அரக்குச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அருள்தாஸ் அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நில்லுங்க. அது வெள்ளை."

"ஷீட்ல அரக்குன்னு கீதே."

"அது தப்புண்ணே. அந்த ஷீட்ட எழுதுனதே நான்தான். அது என் கல்யாணப் புடவை."

அவர் சுவரைக் காட்டினார். மாதாவுக்குக் கீழே அறிவிப்பு, நான் கொண்டுவந்து கொடுத்த அதே தாள். வாயால் சொல்வது செல்லாது. "நீதானம்மா குடுத்த? போன வருஷம் மேனேஜர் வாயால சொன்னாருன்னு பச்ச போட்டேன், அப்புறம் நான் சொல்லவே இல்லன்னுட்டாரு. அந்த நஷ்டம் என் தலையில விழுந்துச்சு. ஷீட்ல வெள்ளன்னு வரட்டும், நான் தொடவே மாட்டேன்."

"ஷீட்ல வராதுண்ணே. யாரும் மாத்த மாட்டாங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கும்பலை நினைத்து அழுகிறோமே என்று என் மேலேயே எரிச்சலும் வந்தது. "நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ணே. வெள்ளைக்கு சாயமே வேணாமே. சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருந்தேன்னு எந்தக் கட்டத்துலம்மா போடறது?"

நியாயமான கேள்வி. நான் போனை எடுத்தேன். நிறம் பூட்டியிருந்தது, ஜரிகை பூட்டியிருந்தது. கடைசிப் பத்தி மட்டும் திறந்திருந்தது, என்னுடைய கௌரவமில்லாத பத்தி. அதில் 'சாயம் முடிந்தது' என்று தட்டினேன்.

"பாருங்கண்ணே."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் போனைத் திறந்து பார்த்தார். தொங்குகிற பட்டைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

அடுப்பை அணைத்தார். "அப்ப எடுத்துகினு கெளம்பு, ஜல்தி. முடிஞ்ச பாவு இங்க கெடந்தா ஏன் கெடக்குதுன்னு கேப்பாங்க" என்றார். ஈரப் பட்டைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார். சாயத்துக்குத் தப்பிய பட்டு என் ஸ்கூட்டியில் முள்ளிப்பட்டுக்குப் போனது. ஷீட்டைப் பார்த்துக் கடையில் தங்க ஜரிகைதான் கொடுப்பார்கள் என்பதால் வெள்ளி ஜரிகையை வேறு இடத்தில் வாங்கினேன்.

அம்மா தறியில் பாவை ஏற்றிவிட்டு, "உன் ஷீட்டு இன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

"அரக்குன்னு சொல்லுது."

தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "அவங்களுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"அவங்க எந்தக் காலத்துலம்மா தறியப் பாத்தாங்க?"

அது அவளுக்கே தெரியும். நெய்ய ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை தறியில் உட்காரும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவினாள். நெய்த பாகத்தைப் பழைய வேட்டியால் மூடிவைத்தாள். பேசினால் எச்சில் தெறிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகக்கூடப் பேச மறுத்தாள். நான் ஆபீஸில் உட்கார்ந்து 'தறியில்' என்று மாற்றினேன், பிறகு 'புடவை வந்தது' என்று மாற்றினேன். மாதக் கடைசியில் ஊருக்கு வந்த ஹேமநாத் என் வரிசையை ஸ்கிரீனில் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். பட்டறைக்குப் போன பிறகு நிறம் ஒருமுறைகூட மாறாமல், சொன்ன தேதிக்கு முடிந்த முதல் பாவு அதுதானாம். சிஸ்டம் என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கல்யாணத்தன்று முதலாளி குடும்பம் முழுவதும் வந்து கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தது. பூசை முடிந்து போட்டோவுக்காக வாசல் படிகளில் நின்றோம். ஜெயம் அம்மா முதல் ஆளாக மேலே ஏறி வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"கண்ணு பட்டுடும் போல கீது. புடவை எங்க எடுத்த? காஞ்சிபுரமா?"

என் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பேசாமல் இரு என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். எப்படி இருப்பாள்?

"நான் நெய்ஞ்சதும்மா. உங்க கடைப் பாவுதான்."

"எங்க பாவா?" ஜெயம் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "உன் பாவு அரக்காச்சே, பாக்கியம்."

"இல்லம்மா, இதான். வெள்ளை."

ஜெயம் அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். ஷீட்டைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, படித்தார். "இதோ. பாக்கியமேரி, முள்ளிப்பட்டு. பாடி அரக்கு. ஜரிகை தங்கம். புடவை வந்தது." அய்யாக்கண்ணு எட்டிப் பார்த்து ஆமாம் என்றார். முதலாளியும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஹேமநாத் சிரித்துக்கொண்டே, "அது லாக் பண்ண ஷீட்டும்மா. தப்பா இருக்க வாய்ப்பே இல்ல" என்றார். நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். நான் அவர்களுக்கு எதிரில் தலை முதல் கால் வரை வெள்ளையில் நின்றேன்.

அம்மா என் முந்தானையை எடுத்து ஜெயம் அம்மாவின் கையில் வைத்தாள். "பார்டரும் பாடியும் சேர்ற எடத்தப் பாருங்கம்மா. இத்தனை வருஷமா உங்களுக்குத்தானே நெய்யறேன். என் கை தெரியலயா?"

ஜெயம் அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "வேலை நல்லாத்தான் கீது. ஆனா இது வேற யாரோ நெய்ஞ்சது, பாக்கியம். உன் பேர்ல இருக்கறது அரக்கு."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த பாவு இந்தக் கையிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்கும். "ஆமாங்க. நான்தான் மாத்தி சொல்லிட்டேன்" என்றாள், மெதுவாக.

இவ்வளவு நாளும் நான் இவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு அங்கேயே செத்துவிட்டது. என் அம்மாவை, அவள் நெய்ததை அவள் நெய்யவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள். அதுவும் என் கல்யாணத்தில்.

"குடுங்கம்மா, பாக்கறேன்" என்று கையை நீட்டினேன். ஜெயம் அம்மா, "நீயே பாரு" என்று போனைக் கொடுத்தார். அவருடைய போன், அவருடைய பெயர், அவருடைய சாவி. கட்டத்தைத் தொட்டேன். பெட்டி எதுவும் வரவில்லை. அரக்கை அழித்து வெள்ளை என்று போட்டேன். பார்டரையும் மாற்றினேன். தங்கத்தை அழித்து வெள்ளி என்று போட்டேன்.

"இன்னா பண்ற?" என்றார் பிரின்ஸ், காதோரம்.

"ஆபீஸ் வேலை" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அம்மா, நல்லா பாருங்க. நீங்க அவசரத்துல வேற வரிசையப் படிச்சிட்டீங்க."

ஜெயம் அம்மா படித்தார். உதடு அசைந்தது. பாக்கியமேரி, முள்ளிப்பட்டு, வெள்ளை, வெள்ளி. தலையைத் தூக்கிப் புடவையைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்ப்பவர் போல என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அட, ஆமா. வெள்ளைதான்" என்றார். போனை மகனிடம் காட்டினார். ஹேமநாத் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, ஷீட்ல தப்பே இருக்காதுன்னு" என்றார். முதலாளி மறுபடி தலையாட்டினார்.

ஜெயம் அம்மா முந்தானையை மறுபடி கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பார்டரை நீவினார். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கடையிலிருந்து வெள்ளைப் பாவு போகக்கூடாது என்று அவரே சொன்னது ஷீட்டில் இல்லையே. "இன்னா நேர்த்தி, இன்னா நேர்த்தி! பாத்த உடனே நெனச்சேன் பாக்கியம், இது உன் கையாச்சேன்னு."

"இல்லம்மா" என்றாள் அம்மா. "போனப் பாத்துட்டுத்தான் நெனச்சீங்க." சொல்லிவிட்டு முந்தானையை அவர் கையிலிருந்து எடுத்து, என் தோளில் போட்டுவிட்டாள்.